தராசு ஒன்று, தண்ணீர் ஒரு பாத்திரம்: நிறை, கன அளவு, அடர்த்தி அளப்பது எப்படி?

கையில் ஒரு கூழாங்கல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு கனம் என்று கேட்டால் தராசில் வைத்துச் சொல்லிவிடலாம். எவ்வளவு பெரியது என்று கேட்டால்? நீளம் சொல்லலாம், அகலம் சொல்லலாம். ஆனால் அது அடைத்துக்கொண்டிருக்கும் இடம் மொத்தம் எத்தனை கன சென்டிமீட்டர் என்பதை அளவுகோலை வைத்துச் சொல்ல முடியாது. மேடும் பள்ளமுமாக இருக்கும் பொருளுக்குச் சூத்திரம் எதுவும் உதவாது.

ஒரு பொருளின் அடர்த்தியைக் கண்டுபிடிக்கும் வேலையில் பெரும்பாலான சிரமம் இங்கேதான் இருக்கிறது. நிறையை அளப்பது சில நொடி வேலை. கன அளவில்தான் பிழைகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அதனால் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதியைக் கன அளவுக்கே கொடுக்கிறேன். சமையலறையில் இருக்கும் சாதாரண டிஜிட்டல் தராசே கன அளவையும் அளந்து கொடுக்கும், அதுவும் கோடு போட்ட ஜாடியைவிட நன்றாக அளந்து கொடுக்கும். பலருக்கு இது தெரிவதில்லை. தெரிந்துவிட்டால் வீட்டில் உள்ள பாதிப் பொருள்களை எடுத்து அளக்கத் தோன்றும்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்

நிறை என்பது ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் இருக்கிறது என்பதன் அளவு. கிராம், கிலோகிராமில் சொல்கிறோம். கன அளவு என்பது அந்தப் பொருள் அடைத்துக்கொள்ளும் இடம். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு செ.மீ. உள்ள சிறு கனசதுரம் அடைக்கும் இடம் ஒரு கன செ.மீ. திரவங்களுக்கு நாம் சொல்லும் ஒரு மில்லிலிட்டரும் அதே அளவுதான். 1000 கன செ.மீ. சேர்ந்தால் ஒரு லிட்டர்.

அடர்த்தி என்பது இவை இரண்டுக்கும் உள்ள விகிதம்: ஒரு கன செ.மீ. இடத்துக்குள் எத்தனை கிராம் இருக்கிறது?

அடர்த்தி = நிறை ÷ கன அளவு

இதில் கவனிக்க வேண்டியது, நிறையும் கன அளவும் பொருளின் அளவைப் பொறுத்து மாறும், அடர்த்தி மாறாது. ஓர் இரும்புக் கம்பியை இரண்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டின் நிறையும் பாதியாகும், கன அளவும் பாதியாகும், அடர்த்தி மட்டும் அப்படியே 7.87 கிராம்/கன செ.மீ. ஆக நிற்கும். ஆணியிலும் அதே எண், தண்டவாளத்திலும் ஏறக்குறைய அதே எண். அதனால்தான் ஒரு பொருள் எதனால் ஆனது என்று அடையாளம் காண அடர்த்தி உதவுகிறது.

எடை, நிறை குழப்பம் ஒன்று உண்டு. எடை என்பது பூமி ஒரு பொருளை இழுக்கும் விசை. நிலவுக்குக் கொண்டுபோனால் எடை ஆறில் ஒரு பங்காகிவிடும், நிறை மாறாது. டிஜிட்டல் தராசு உண்மையில் உணர்வது விசையைத்தான். அதைக் கிராமாக மாற்றி நமக்குக் காட்டுகிறது. பூமியிலேயே ஈர்ப்பு எங்கும் ஒன்றல்ல: நிலநடுக்கோட்டில் ஈர்ப்பு முடுக்கம் சுமார் 9.78 மீ/நொடி², துருவங்களில் சுமார் 9.83. அரை சதவீத வித்தியாசம். ஆனால் நாம் செய்யப்போகும் வேலையில் இந்த வித்தியாசம் தானாகவே அடிபட்டுப் போய்விடும். எப்படி என்பதைப் பிறகு பார்ப்போம்.

நிறை: எளிது, ஆனாலும் சில விஷயங்கள்

தராசைக் கெட்டியான, சமமான தளத்தில் வையுங்கள். மெத்தை, துணி விரித்த மேசை வேண்டாம். பொருளைத் தட்டின் நடுவில் வையுங்கள். அவ்வளவுதான், நிறை வந்துவிடும்.

சிக்கல் சிறு பொருள்களில்தான். பெரும்பாலான சமையலறைத் தராசுகள் ஒரு கிராம் படிகளில் காட்டும். ஒரு சாவியை வைத்து 8 என்று காட்டினால், உண்மை 7.5-க்கும் 8.5-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. அதாவது 6 சதவீதம் வரை பிழை. ஒரே மாதிரியான பொருள்கள் நிறைய இருந்தால் இதற்கு நல்ல வழி உண்டு. ஒரு ஊக்கை அளக்காமல் ஐம்பது ஊக்குகளைச் சேர்த்து அளந்து ஐம்பதால் வகுத்தால், தராசின் பிழையும் ஐம்பதால் வகுபட்டுவிடும். ஒரு கிராம் தராசிலேயே நூறில் ஒரு கிராம் துல்லியம் கிடைக்கும்.

இன்னொன்று: பூஜ்யமாக்கும் பொத்தானை அழுத்தியபின் மிக மெதுவாக, துளித்துளியாக எதையாவது சேர்த்தால் சில தராசுகள் அதைக் கவனிக்காமல் பூஜ்யத்திலேயே நிற்கும். சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களை ஒதுக்கிவிடும்படி அவற்றை வடிவமைத்திருக்கிறார்கள். அதனால் சிறு அளவுகளை அளக்கும்போது பூஜ்யமாக்காமல் முன்பு காட்டிய எண், பின்பு காட்டிய எண் இரண்டையும் எழுதிக்கொண்டு கழிப்பதே பாதுகாப்பு.

அளவுகோலால் கன அளவு

ஒழுங்கான வடிவம் என்றால் அளவுகோலே போதும். செவ்வக வடிவப் பொருளுக்கு நீளம் × அகலம் × உயரம். உருளைக்கு π × ஆரம்² × உயரம். கோளத்துக்கு 4/3 × π × ஆரம்³.

ஓர் அழகான உதாரணம் அச்சடிக்கும் ஏ4 தாள் கட்டு. 500 தாள் உள்ள கட்டின் நீளம் 29.7 செ.மீ., அகலம் 21 செ.மீ., உயரம் ஏறக்குறைய 5 செ.மீ. பெருக்கினால் சுமார் 3,120 கன செ.மீ. நிறைக்குத் தராசுகூட வேண்டியதில்லை. உறையின்மேல் 80 ஜிஎஸ்எம் என்று போட்டிருக்கும். ஒரு சதுர மீட்டர் தாள் 80 கிராம் என்று அதற்குப் பொருள். ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு, ஆகவே ஒரு தாள் 5 கிராம், கட்டு 2,500 கிராம். அடர்த்தி 2,500 ÷ 3,120 = 0.80. தண்ணீரைவிடக் குறைவு. அதோடு ஒரு தாளின் தடிமனும் கிடைத்துவிட்டது: 5 செ.மீ.-ஐ 500-ஆல் வகுத்தால் 0.1 மில்லிமீட்டர். ஒற்றைத் தாளை அளவுகோலில் வைத்து இதை எந்தக் கண்ணாலும் படிக்க முடியாது.

பேட்டரியை யாரும் தண்ணீரில் போடக் கூடாது. அதற்கும் அளவுகோல்தான் வழி. ஏஏ அளவு பேட்டரி 14.5 மி.மீ. விட்டமும் 50.5 மி.மீ. நீளமும் உள்ள உருளை. கன அளவு சுமார் 8.3 கன செ.மீ. ஆல்கலைன் வகை என்றால் நிறை ஏறக்குறைய 23 கிராம். அடர்த்தி 2.8-ஐ ஒட்டி வரும். அலுமினியத்தின் 2.70-க்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று பேட்டரி அலுமினியத்தால் ஆனது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. எஃகு உறை, துத்தநாகத் தூள், மாங்கனீசு டைஆக்சைடு, ஈரமான காரக் கரைசல் எல்லாம் சேர்ந்த சராசரி அது. பல பொருள்கள் கலந்த ஒன்றுக்கு நாம் அளப்பது எப்போதும் சராசரி அடர்த்திதான்.

அளவுகோல் முறையில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஒரு கண்ணாடிக் கோலியை எடுத்துக்கொள்ளுங்கள். விட்டம் 16 மி.மீ., நிறை 5.4 கிராம். கன அளவு 2.14 கன செ.மீ. என்று வரும், அடர்த்தி 2.52. சாதாரணக் கண்ணாடியின் அடர்த்தி சுமார் 2.5 என்பதால் விடை பொருந்துகிறது. இப்போது விட்டத்தை அரை மில்லிமீட்டர் கூட்டி 16.5 என்று படித்துவிட்டோம் என்று வைப்போம். நீளத்தில் பிழை 3 சதவீதம்தான். ஆனால் கன அளவில் விட்டம் மூன்று முறை பெருக்கப்படுவதால் அங்கே பிழை கிட்டத்தட்ட 10 சதவீதம் ஆகிறது. அடர்த்தி 2.30-க்கு இறங்கிவிடுகிறது. கோளங்களை அளவுகோலில் அளக்கவே வேண்டாம் என்பேன். மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கையும் அளக்கும் வெர்னியர் காலிப்பர் இருந்தால் சரி. இல்லையென்றால் பத்துக் கோலிகளை வரிசையாக ஒட்டி வைத்து மொத்த நீளத்தை அளந்து பத்தால் வகுக்கலாம்.

ஜாடியில் நீர்மட்டம் உயரும் முறை

ஒழுங்கில்லாத பொருளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கும் முறை இது. அளவு ஜாடியில் தண்ணீர் ஊற்றி மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பொருளை மூழ்கவிட்டு மறுபடி மட்டத்தைப் பார்க்க வேண்டும். வித்தியாசம்தான் கன அளவு. கண்ணாடி ஜாடியில் தண்ணீரின் ஓரம் சுவரில் சற்று மேலேறி, மேற்பரப்பு குழிந்து தெரியும். அந்தக் குழிவின் அடிப்பகுதியைத்தான் படிக்க வேண்டும். கண் அதே மட்டத்தில் இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஓர் எண், கீழிருந்து பார்த்தால் வேறோர் எண்.

முறை சரியானதுதான். ஆனால் வீட்டில் நமக்குக் கிடைப்பது அகலமான ஜாடி, அதில் 10 மி.லி.-க்கு ஒரு கோடு இருந்தாலே பெரிய விஷயம். 132 கிராம் நிறையுள்ள கூழாங்கல்லைப் போட்டதும் மட்டம் 200-லிருந்து 250-க்கு ஏறியது என்றால், கன அளவு 50, அடர்த்தி 2.64 என்று எழுதிவிடுவோம். ஆனால் அந்த 50 உண்மையில் 45 ஆகவும் இருக்கலாம், 55 ஆகவும் இருக்கலாம். அப்படியென்றால் அடர்த்தி 2.4 முதல் 2.9 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கும். கிரானைட் 2.6 முதல் 2.7 வரை, பசால்ட் என்ற அடர்ந்த எரிமலைப் பாறை 2.9 பக்கம். இந்த அளவீட்டை வைத்துக்கொண்டு இரண்டில் எது என்று சொல்லவே முடியாது.

இப்போது தராசைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குக் கீழே வையுங்கள்

தராசின் மேல் ஒரு பாத்திரம், அதில் பொருள் முழுவதும் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, கையில் பிடித்தபடி தண்ணீருக்குள் இறக்குங்கள். கல் முழுவதும் மூழ்க வேண்டும். ஆனால் அடியிலும் சுவரிலும் படக் கூடாது. தொங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

தராசின் எண் கூடியிருக்கும். எத்தனை கிராம் கூடியதோ, அத்தனை கன செ.மீ. கல்லின் கன அளவு.

ஜாடிக் கோடு தேவையில்லை, குனிந்து மட்டம் பார்க்க வேண்டியதில்லை. நம் கூழாங்கல்லுக்கு எண் 50 கூடுகிறது என்றால், ஒரு கிராம் தராசில் அது 49.5-க்கும் 50.5-க்கும் நடுவில். நிறையில் உள்ள அரை கிராம் ஐயத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் அடர்த்தி 2.60 முதல் 2.68 வரைக்குள் அடங்கிவிடுகிறது. இப்போது பசால்ட் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

அப்புறம் நூலை விட்டுவிடுங்கள். கல் அடியில் போய் அமரும். தராசின் எண் இன்னும் கூடி, மொத்தம் 132 கூடியிருக்கும். அது கல்லின் நிறை. தொங்கும்போது கன அளவு, அமர்ந்தபின் நிறை. ஒரே தராசு, ஒரே பாத்திரம், இரண்டு எண்கள்.

ஏன் இப்படி நடக்கிறது? கல்லைத் தண்ணீருக்குள் இறக்கும்போது தண்ணீர் அதை மேல்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல், கல் ஒதுக்கிய தண்ணீரின் எடைக்குச் சமம். ஆர்க்கிமிடீஸ் கண்டறிந்த விதி இது. தண்ணீர் கல்லை மேலே தள்ளினால், கல்லும் அதே அளவு விசையோடு தண்ணீரைக் கீழே தள்ளும். கீழே இருப்பது தராசு. ஆகவே தராசு உணர்வது கல்லின் எடையை அல்ல, ஒதுக்கப்பட்ட தண்ணீரின் எடையை. கல்லின் மீதி எடையை, அதாவது 132 − 50 = 82 கிராமுக்கு உரியதை, நூலைப் பிடித்திருக்கும் விரல் தாங்குகிறது. கல் தண்ணீருக்குள் போனதும் நூலில் பாரம் குறைவது கைக்கே தெரியும்.

சரி, கிராம் எப்படிக் கன செ.மீ. ஆனது? ஒரு கன செ.மீ. தண்ணீரின் நிறை ஏறக்குறைய ஒரு கிராம் என்பதால்தான். இது தற்செயலாக வந்த எண் அல்ல. 1795-இல் பிரான்சில் மெட்ரிக் அளவுகளை வகுத்தபோது, பனிக்கட்டி உருகும் வெப்பநிலையில் ஒரு கன செ.மீ. தண்ணீரின் நிறையே ஒரு கிராம் என்று வரையறுத்தார்கள். 1799-இல் அதற்கு ஏற்பப் பிளாட்டினத்தால் ஒரு கிலோகிராம் கட்டி செய்து வைத்தார்கள். அப்போது தண்ணீர் மிகவும் அடர்த்தியாக இருக்கும் 4 டிகிரி செல்சியஸை ஒட்டிய நிலையை அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். 2019 மே 20 முதல் கிலோகிராம், இயற்பியலின் மாறாத அடிப்படை எண்களில் ஒன்றான பிளாங்க் மாறிலியை வைத்து வரையறுக்கப்படுகிறது. தண்ணீருக்கும் அதற்கும் சட்டப்படி இப்போது தொடர்பில்லை. ஆனாலும் பழைய பொருத்தம் அப்படியே இருக்கிறது: 4 டிகிரியில் தண்ணீரின் அடர்த்தி 0.99997, 20 டிகிரியில் 0.998, 25 டிகிரியில் 0.997. வீட்டு அளவீட்டில் இந்த வித்தியாசத்தை மறந்துவிடலாம்.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. உங்கள் தராசு பழையது, எல்லாவற்றையும் 2 சதவீதம் கூட்டிக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லின் நிறை 132-க்குப் பதில் 134.6 என்று வரும், ஒதுக்கிய தண்ணீர் 50-க்குப் பதில் 51 என்று வரும். வகுத்துப் பாருங்கள்: அதே 2.64. மேலே ஒரு தவறு, கீழே அதே தவறு, இரண்டும் அடிபட்டுவிடுகின்றன. நிலநடுக்கோடு, துருவம் என்று முன்னே சொன்ன ஈர்ப்பு வித்தியாசமும் இப்படித்தான் காணாமல் போகிறது. தராசு தவறான கிராமைக் காட்டினாலும் அடர்த்தி சரியாகவே வரும். ஜாடியும் தராசும் சேர்ந்த முறைக்கு இந்த நன்மை கிடையாது, ஏனென்றால் அங்கே இரண்டு கருவிகளின் பிழைகளும் தனித்தனி.

மகுடத்தின் கதை

ஆர்க்கிமிடீஸ் என்றதும் குளியல் தொட்டிக் கதை நினைவுக்கு வரும். சிரக்கூஸ் நகர அரசன் ஹையரோவின் தங்க மகுடத்தில் வெள்ளி கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அவர் மகுடத்தைத் தண்ணீரில் இட்டு வழிந்த நீரை ஒப்பிட்டார் என்பது கதை. இதை நமக்குச் சொல்பவர் விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக்கலைஞர், ஆர்க்கிமிடீசுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் பிந்தியவர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மகுடம் ஒரு கிலோகிராம் என்று வைத்தால், சுத்தத் தங்கத்தின் அடர்த்தி 19.3 என்பதால் கன அளவு 51.8 கன செ.மீ. அதில் 300 கிராம் வெள்ளி கலந்திருந்தால், வெள்ளியின் அடர்த்தி 10.5 என்பதால் கன அளவு சுமார் 65 கன செ.மீ. வித்தியாசம் 13 கன செ.மீ. மகுடம் உள்ளே போகும் அளவுக்கு, 20 செ.மீ. விட்டமுள்ள பாத்திரம் வேண்டும் என்றால் அந்த 13 கன செ.மீ. நீர்மட்டத்தில் காட்டும் வேறுபாடு 0.4 மில்லிமீட்டர். கண்ணால் நம்பிச் சொல்லக்கூடிய அளவு அல்ல. பாத்திரத்தின் விளிம்பில் தண்ணீர் வழியாமல் திரண்டு நிற்குமே, அந்தப் பிழையே இதைவிடப் பெரிது.

அதே வேறுபாட்டைத் தராசில் பாருங்கள்: 13 கிராம். பழங்காலத் தராசிலும் பளிச்சென்று தெரியும். 1586-இல், 22 வயதில், கலிலியோ இதைத்தான் சொன்னார். வழிந்த நீரை ஒப்பிடும் கதை ஆர்க்கிமிடீசின் நுட்பத்துக்குப் பொருந்தவில்லை, தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடைபோடும் வழிதான் அவருடையதாக இருந்திருக்கும் என்று எழுதி, அதற்கான சிறு தராசு ஒன்றையும் விவரித்தார். ஆர்க்கிமிடீஸ் உண்மையில் என்ன செய்தார் என்பதற்குச் சாட்சி இல்லை. ஆனால் எது வேலை செய்யும் என்பதில் எண்கள் கலிலியோ பக்கம் நிற்கின்றன.

மிதப்பவை, உறிஞ்சுபவை, கரைபவை

மிதக்கும் பொருள் இன்னும் சுவையானது. ஒரு மெழுகுத் துண்டைத் தண்ணீரில் விடுங்கள். அது மிதக்கும்போது தராசில் கூடும் எண் அதன் நிறை, 45 என்று வைப்போம். இப்போது ஒரு மெல்லிய ஊசியால் அதை முழுவதும் மூழ்கும்படி அழுத்துங்கள், விரல் தண்ணீரில் படாமல். எண் 50-க்கு ஏறும். அதுதான் கன அளவு. அடர்த்தி 0.90. இந்த 0.90-க்கு இன்னொரு பொருளும் உண்டு: மிதக்கும்போது மெழுகில் 90 சதவீதம் தண்ணீருக்குள் இருந்தது. பனிக்கட்டியின் அடர்த்தி 0.917, ஆகவே நன்னீரில் மிதக்கும் பனிக்கட்டியில் ஏறக்குறைய 92 சதவீதம் மூழ்கியிருக்கும்.

மரத்துண்டு, கார்க் போன்றவை தண்ணீரை உறிஞ்சும். எண்ணைச் சீக்கிரம் படித்துவிட வேண்டும், அல்லது மேலே மெல்லிய மெழுகுப் பூச்சுக் கொடுக்க வேண்டும். எல்லா மரமும் மிதக்கும் என்பதில்லை. கருங்காலி போன்ற அடர்ந்த மரங்கள் மூழ்கும்.

உப்புக் கட்டி தண்ணீரில் கரைந்துவிடும். அதற்குத் தண்ணீருக்குப் பதில் எண்ணெயைப் பயன்படுத்தலாம். தராசில் கூடிய எண்ணை எண்ணெயின் அடர்த்தியால் வகுத்தால் கன அளவு கிடைக்கும். சமையல் எண்ணெய்களின் அடர்த்தி 0.92-ஐ ஒட்டி இருக்கும். 46 கிராம் கூடினால் 46 ÷ 0.92 = 50 கன செ.மீ.

எல்லா முறையிலும் எதிரி காற்றுக்குமிழிதான். பொருளில் ஒட்டிய குமிழியும் கன அளவில் சேர்ந்துவிடும், நிறையில் சேராது. விடை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தால் முதலில் குமிழியைத் தேடுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டால் குமிழிகள் ஒட்டாமல் விலகும்.

எந்தக் கன அளவு?

இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம். குளியல் பஞ்சின் கன அளவு என்ன? வெளி விளிம்பை அளந்தால் ஒன்று. தண்ணீருக்குள் பிழிந்து காற்றையெல்லாம் வெளியேற்றிவிட்டு அளந்தால் அதைவிட மிகச் சிறியது. இரண்டுமே சரியான அளவுகள்தான், ஆனால் இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை. முதலாவது துளைகளையும் சேர்த்த அளவு, இரண்டாவது அந்தப் பஞ்சை உருவாக்கிய பொருளின் அளவு மட்டும்.

மணலில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 100 மி.லி. அளவுக்கு உலர்ந்த மணலை எடுத்து எடைபோட்டால் 160 கிராம் பக்கம் வரும். அடர்த்தி 1.6. இப்போது 100 மி.லி. தண்ணீர் உள்ள ஜாடியில் அதைக் கொட்டுங்கள். மட்டம் 200-க்கு ஏற வேண்டும் என்றுதானே தோன்றும்? 160 பக்கத்திலேயே நின்றுவிடும். மணல் துகள்கள் அடைத்த இடம் 60 கன செ.மீ. மட்டுமே, மீதி 40 துகள்களுக்கு இடையே இருந்த காற்று. துகள்களின் உண்மையான அடர்த்தி 160 ÷ 60, அதாவது சுமார் 2.65. இது குவார்ட்சின் அடர்த்தி. ஒரு லாரியில் எவ்வளவு மணல் ஏற்றலாம் என்ற கணக்குக்கு 1.6 வேண்டும். மணல் என்ன கனிமம் என்று அறிய 2.65 வேண்டும். தூள்களுக்கும் தானியங்களுக்கும் அடர்த்தி சொல்லும்போது எந்த அடர்த்தி என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை.

மூடிய உட்குழிவுள்ள பொருள்களிலும் இதே கதைதான். எஃகின் அடர்த்தி 7.8 பக்கம் இருக்க, எஃகுக் கப்பல் மிதப்பது அதன் உடலுக்குள் அடைபட்ட காற்றையும் சேர்த்த சராசரி அடர்த்தி 1-க்குக் கீழே இருப்பதால்.

திரவங்கள்

காலிப் பாத்திரத்தை எடைபோட்டு, திரவத்தை ஊற்றி மறுபடி எடைபோட்டால் நிறை வந்துவிடும். கன அளவுக்கு ஜாடியின் கோட்டை நம்ப வேண்டாம். சிறிய வாயுள்ள ஒரு குப்பியைத் தண்ணீரால் விளிம்புவரை நிரப்பி அதிலுள்ள தண்ணீரின் நிறையை அளந்துகொள்ளுங்கள். பிறகு நன்றாக உலர்த்தி, அதே குப்பியை உங்கள் திரவத்தால் அதே விளிம்புவரை நிரப்பி அளங்கள். திரவத்தின் நிறையைத் தண்ணீரின் நிறையால் வகுத்தால் அடர்த்தி. கிளிசரின் என்றால் 1.26 வரும். எத்தில் ஆல்கஹால் 0.79. கடல்நீர் 1.025. ஆய்வகங்களில் இதற்கென்றே நுண்துளை மூடியுடன் கூடிய குப்பிகள் உண்டு, தத்துவம் இதேதான்.

எண் கிடைத்த பிறகு

அடர்த்தியைக் கொண்டு பொருளை அடையாளம் காணும்போது ஒரு நிதானம் வேண்டும். அலுமினியம் 2.70, இரும்பு 7.87, செம்பு 8.96, ஈயம் 11.34, தங்கம் 19.3. நீங்கள் அளந்த மஞ்சள் உலோகம் 8.5 என்று வந்தால் அது சுத்தத் தங்கம் இல்லை என்று தயங்காமல் சொல்லலாம். பித்தளையாக இருக்கலாம். ஆனால் 19.3 என்று வந்தால் தங்கம்தான் என்று சொல்லிவிட முடியாது. டங்ஸ்டனின் அடர்த்தி 19.25. வீட்டுத் தராசால் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. அடர்த்தி ஒரு பொருளை "இது அல்ல" என்று விலக்குவதில் வலிமையானது, "இதுவேதான்" என்று உறுதி சொல்வதில் அவ்வளவு வலிமை அதற்குக் கிடையாது.

பிளாஸ்டிக்கில் இது நல்ல பயன் தருகிறது. தண்ணீர்ப் பாட்டிலின் உடல் பெட் என்ற பிளாஸ்டிக், அடர்த்தி 1.38. மூடி பாலிஎத்திலீனோ பாலிபுரோப்பிலீனோ, அடர்த்தி 0.90 முதல் 0.97 வரை. இரண்டையும் சிறு துண்டுகளாக வெட்டித் தண்ணீரில் போட்டால் உடல் துண்டு மூழ்கும், மூடித் துண்டு மிதக்கும். மறுசுழற்சி ஆலைகளில் நொறுக்கிய பாட்டில்களைப் பெரிய தொட்டிகளில் போட்டு இப்படித்தான் பிரிக்கிறார்கள்.

கடைசியாகக் காற்று

வாயுக்களுக்கு மட்டும் நம் சமையலறைத் தராசு போதாது. 20 டிகிரியில் கடல்மட்டத்தில் ஒரு லிட்டர் காற்று 1.2 கிராம்தான். ஆனாலும் காற்று ஒன்றுமில்லாதது அல்ல: 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையில் 36 கன மீட்டர் காற்று இருக்கிறது, அதன் நிறை சுமார் 43 கிலோகிராம். ஊதிய பலூனைத் தராசில் வைத்து அதிலுள்ள காற்றை அளக்கப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுமே காட்டாது, ஏனென்றால் சுற்றியுள்ள காற்று அதே அளவுக்கு அதை மேலே தூக்குகிறது. தண்ணீருக்குள் கல்லுக்கு நடந்தது காற்றுக்குள் பலூனுக்கும் நடக்கிறது. வாயுவை அளக்க, கெட்டியான கண்ணாடிக் குடுவையிலிருந்து காற்றை முழுவதும் உறிஞ்சி எடுத்து எடைபோட்டு, பிறகு வாயுவை நிரப்பி எடைபோட வேண்டும்.

இங்கிலாந்தின் இயற்பியலாளர் ரேலே பிரபு 1890-களில் நைட்ரஜனை அப்படித்தான் அளந்தார். காற்றிலிருந்து மற்ற வாயுக்களை நீக்கிப் பெற்ற நைட்ரஜன் லிட்டருக்கு 1.257 கிராம். வேதிச் சேர்மங்களிலிருந்து தயாரித்த நைட்ரஜன் 1.251 கிராம். வித்தியாசம் அரை சதவீதம்தான். அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவர் மறுபடி மறுபடி அளந்தார், வித்தியாசம் போகவில்லை. காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜனில் அதைவிட அடர்ந்த ஏதோ ஒன்று கலந்திருக்க வேண்டும். வேதியியலாளர் வில்லியம் ராம்சேயும் அவரும் சேர்ந்து அதைப் பிரித்தெடுத்து 1894-இல் அறிவித்தார்கள்: ஆர்கான், காற்றில் ஏறக்குறைய ஒரு சதவீதம் இருந்தும் அதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்த தனிமம். 1904-இல் ராம்சேவுக்கு வேதியியலுக்கான நோபல் பரிசும், ரேலேவுக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசும் கிடைத்தன. ரேலேவின் பரிசுக்கான காரணமாகக் குறிப்பிடப்பட்டவற்றில் முதலில் வருவது முக்கியமான வாயுக்களின் அடர்த்தி பற்றிய அவருடைய ஆய்வுகள், ஆர்கான் அதற்கு அடுத்துத்தான் வருகிறது.